கடன் பத்திரத்தில் ஒரு பொய்க் கையெழுத்து: இப்சனும் நார்வேயின் 1888 சட்டமும்

ஒரு கடன் பத்திரம். தொகை 1,200 ஸ்பெசிடாலர், புது நாணயக் கணக்கில் 4,800 குரோனர். வாங்கியவர் நோரா ஹெல்மர், கொடுத்தவர் குரோக்ஸ்டாட் என்ற வழக்கறிஞர். ஜாமீன் கையெழுத்து நோராவின் அப்பாவுடையது. கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி அக்டோபர் 2. அப்பா இறந்தது செப்டம்பர் 29. செத்து மூன்று நாள் கழித்து மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம் முழுவதும் இந்தத் தாளைச் சுற்றியே ஓடுகிறது. கடைசியில் நோரா கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். உலகம் பேசியதெல்லாம் அந்தக் கதவைப் பற்றித்தான். எனக்கு இந்தத் தாள்தான் முக்கியமாகப் படுகிறது. இப்சன் நார்வேயை நவீனமாக்கினார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு ஆக்கினார், எந்த வழியாக என்று கேட்டால் மேடையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாடகம் அச்சில் வந்தது 1879இல். மணமான பெண்ணைச் சட்டப்படி வயது வந்தவளாக நார்வே ஏற்றுக்கொண்டது 1888இல். நடுவில் இருக்கும் ஒன்பது ஆண்டுகள்தான் இந்த ஆய்வின் களம்.

மைனரின் கையெழுத்து

நோரா ஏன் பொய்க் கையெழுத்துப் போட்டாள்? கணவன் டோர்வால்ட் ஹெல்மர் கடும் நோயில் கிடக்கிறான். இத்தாலிக்குக் கூட்டிப்போனால்தான் பிழைப்பான் என்கிறார்கள் மருத்துவர்கள். கையில் பணமில்லை. கணவனிடம் சொன்னால் கடன் வாங்க விடமாட்டான். அவனுக்குத் தெரியாமல் வாங்கலாம் என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே என்று முதல் அங்கத்திலேயே தோழி லிண்டே நினைவூட்டுகிறாள்.

அந்தக் கால நார்வேயில் இதற்கு ஒரு விசித்திரமான பின்னணி உண்டு. மணமாகாத பெண்கள் மெல்ல மெல்ல உரிமை பெற்றுக்கொண்டிருந்தார்கள். 1845இல் 25 வயது தாண்டிய மணமாகாத பெண் ஓரளவுக்கு வயது வந்தவளாகக் கருதப்பட்டாள். 1854இல் மகனுக்கும் மகளுக்கும் சம வாரிசுரிமை வந்தது. 1863இல் மணமாகாத பெண் ஆணுக்கு நிகரான சட்ட வயதை அடைந்தாள். விதவைக்கு அந்தத் தகுதி பழைய சட்டத்திலேயே இருந்தது. ஆனால் கழுத்தில் கல்யாணம் ஏறியதும் எல்லாம் போய்விடும், கணவன்தான் காப்பாளர். சம உரிமையோடு வாங்கிய பரம்பரைச் சொத்தும் அவன் நிர்வாகத்துக்குப் போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்டு நாடகத்தைப் படித்தால் லிண்டேயை இப்சன் எதற்காக உள்ளே கொண்டுவந்தார் என்பது புரிகிறது. லிண்டே விதவை, ஏழை, வேலை தேடி ஊருக்கு வந்திருப்பவள். நோராவுக்கு வீடு, கணவன், வரப்போகும் வங்கி மேலாளர் சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் லிண்டே முழு ஆள், நோரா மைனர். நாடகத்தின் முடிவில் லிண்டே தன் இஷ்டப்படி ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கிறாள், நோரா வெளியேறுகிறாள். இந்த எதிரெதிர் அமைப்பைப் பாத்திரப் படைப்பின் அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள் விமர்சகர்கள். சட்டத்தின் ஓட்டையை இரண்டு நாற்காலிகளில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

நாடகத்துக்கு ஓராண்டு முன், 1878 அக்டோபரில் எழுதிய குறிப்பிலேயே இப்சன் இதைத் தெளிவாகப் பதிந்துவைத்திருக்கிறார். இன்றைய சமூகம் முழுக்க ஆண்களின் சமூகம், சட்டம் எழுதுபவர்கள் ஆண்கள், வழக்குத் தொடுப்பவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும் பெண்ணின் நடத்தையை ஆணின் கண்ணால்தான் பார்க்கிறார்கள், இங்கே ஒரு பெண் தானாக இருக்க முடியாது என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

அவருக்கு முன்னால் பேசியவர்கள்

இந்த எண்ணம் இப்சனின் மூளையில் திடீரென்று முளைத்ததல்ல. கமீலா கோலெட் 1854-55இலேயே, பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் நடக்கும் கல்யாணங்களைப் பற்றி நாவல் எழுதியவர். எழுபதுகளில் கட்டுரைகளாலும் இதே போரை நடத்தினார். ஜெர்மனியில் இப்சன் குடும்பம் இருந்தபோது அவரை நேரில் சந்தித்து வாதாடியவர். ஓஸ்தா ஹான்ஸ்டீன் என்ற ஓவியர் பெண்ணுரிமை பேசிப் பொதுமேடை ஏறியதற்காகக் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், கேலிக்கு ஆளானார். 1877இல் வந்த ‘சமூகத்தின் தூண்கள்’ நாடகத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்து ஊர்ப் பெரிய மனிதர்களின் பொய்யைக் கிழிக்கும் லோனா ஹெசலுக்கு அவர்தான் முன்மாதிரி. வீட்டில் மனைவி சுசன்னா இருந்தார். சுசன்னாவின் சிற்றன்னை மக்தலேனா தோரேசன் பெயர்பெற்ற எழுத்தாளர். இவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்சன் கேட்டார். கேட்க அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்ட பிறகு சும்மா இருக்கவில்லை. 1879 தொடக்கத்தில் ரோம் நகரின் ஸ்காண்டினேவியர் சங்கத்தில் இரண்டு முன்மொழிவுகளை வைத்தார். நூலகர் பதவியைப் பெண்களுக்குத் திறக்க வேண்டும், சங்கக் கூட்டத்தில் பெண்களுக்கு வாக்கு வேண்டும். முதலாவது நிறைவேறியது. இரண்டாவது ஒரே ஒரு வாக்கில் தோற்றது. இப்சன் கோபித்துக்கொண்டு போனார். அப்புறம் சங்கத்தின் விருந்து ஒன்றுக்குத் திடுமென்று வந்து எல்லோரையும் விளாசித் தள்ளினார். அதைக் கேட்டு ஒரு சீமாட்டி மயங்கி விழுந்ததாக, அங்கே இருந்த குன்னார் ஹைபெர்க் பின்னாளில் எழுதினார். அந்தக் கோடையில் அமால்ஃபியில் உட்கார்ந்து எழுதியதுதான் ‘பொம்மை வீடு’.

தூரத்திலிருந்து வந்த புத்தகம்

இப்சன் இதையெல்லாம் நார்வேயில் இருந்துகொண்டு செய்யவில்லை. அவர் 1828இல் ஷீன் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போன வீடு. 15 வயதில் கிரிம்ஸ்டாடில் மருந்துக்கடை உதவியாள். 1851இல் வயலின் மேதை ஓலே புல் அவரைப் பெர்கன் நகருக்கு அழைத்து, டேனிஷ் நடிகர்களின் ஆதிக்கத்துக்கு எதிராக நார்வேக்காரர்களின் நாவிலேயே நாடகம் நடத்தத் தொடங்கியிருந்த அரங்கில் அமர்த்தினார். அடுத்துக் கிறிஸ்தியானியாவில் ஓர் அரங்கு. அது 1862இல் திவாலானது. 1864இல் நாட்டைவிட்டுப் போனவர் 27 ஆண்டுகள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்தார். இடையில் வந்துபோனது சொற்பம். நாட்டை உலுக்கிய அவருடைய நாடகங்களில் பெரும்பாலானவை அந்த நாட்டுக்கு வெளியே எழுதப்பட்டவை.

அந்தத் தூரம் அவருக்கு உதவியது என்றே நினைக்கிறேன். கிறிஸ்தியானியா அப்போது சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே இருந்து எழுதியிருந்தால் யாரைக் குறிக்கிறார் என்ற ஊர்ப்பேச்சிலேயே நாடகம் அமுங்கியிருக்கும். தூரத்திலிருந்து அது புத்தகமாக வந்தது. கோபன்ஹேகனின் கில்டெண்டால் பதிப்பகம் 1879 டிசம்பர் 4 அன்று, சரியாகக் கிறிஸ்துமஸ் பரிசுப் புத்தகங்கள் விற்கும் நேரத்தில், 8,000 படிகள் வெளியிட்டது. ஒரு மாதத்தில் தீர்ந்தது. ஜனவரியில் 3,000, மார்ச்சில் 2,500. நார்வேயின் மொத்த மக்கள்தொகை அப்போது 20 இலட்சத்துக்கும் குறைவு. இந்தப் படிகள் டென்மார்க்குக்கும் சேர்த்துத்தான் என்றாலும், ஒரு நாடகப் புத்தகத்துக்கு இது பெரிய எண்ணிக்கை. டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் அரச அரங்கில் பெட்டி ஹென்னிங்ஸ் நோராவாக நடித்தார். ஜனவரியில் ஸ்டாக்ஹோம், அதே மாதம் 20ஆம் தேதி கிறிஸ்தியானியா. அரங்கத்தின் பக்கமே போகாதவர்களும் வீட்டில் உட்கார்ந்து படித்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே புத்தகத்தை ஒரே வீட்டில் படித்தார்கள். சண்டை அங்கேயே தொடங்கியது.

ஜெர்மனியில் ஹெட்விக் நீமன்-ராபே என்ற நடிகை, தன் குழந்தைகளை விட்டுத் தான் ஒருபோதும் போகமாட்டேன், அதனால் அந்த முடிவை நடிக்க முடியாது என்றார். அப்போது ஜெர்மனியில் இப்சனுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் முடிவை மாற்றிக்கொள்ளலாம். வேறொருவர் கெடுப்பதற்குத் தானே கெடுப்பது மேல் என்று, நோரா குழந்தைகளின் அறை வாசலில் தளர்ந்து விழும் மாற்று முடிவை அவரே எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் அவரே சொன்னார்.

லாரா கீலர்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் சங்கடமான பகுதி இது. நோராவின் கடன் கற்பனையல்ல. லாரா கீலர் என்ற இளம் எழுத்தாளர், இப்சனின் ‘பிராண்ட்’ நாடகத்துக்குத் தொடர்ச்சிபோல ‘பிராண்டின் மகள்கள்’ என்ற நூலை 1869இல் எழுதியவர். இப்சன் குடும்பத்துக்கு நெருக்கமானவர். அவரை வானம்பாடி என்று இப்சன் செல்லமாக அழைப்பார். நாடகத்தில் ஹெல்மர் நோராவை அழைப்பதும் அப்படித்தான்.

லாராவின் கணவர் விக்டருக்குக் காசநோய். தெற்கே கூட்டிப்போக வேண்டும். கணவருக்குத் தெரியாமல் லாரா கடன் வாங்கினார். அடைக்க வழியில்லாமல் 1878இல் ஒரு கையெழுத்துப் பிரதியை இப்சன் குடும்பத்துக்கு அனுப்பி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கும்படி கேட்டார். எழுத்து நன்றாக இல்லை என்று இப்சன் மறுத்தார். எதுவாக இருந்தாலும் கணவரிடம் சொல்லிவிடு என்று புத்தியும் சொன்னார். லாரா பிரதியை எரித்துவிட்டு, பொய்க் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கப் பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. கணவர் அவரைக் குற்றவாளிபோல நடத்தினார், குழந்தைகளிடமிருந்து பிரித்தார், லாரா மனநல விடுதியில் இருக்க நேர்ந்தது. பிறகு குழந்தைகளுக்காக வீடு திரும்பினார்.

மேடையில் நோரா கதவைச் சாத்தினாள். நிஜத்தில் கதவு உள்ளே இருந்து சாத்தப்பட்டது. அதோடு முடியவில்லை. நாடகம் வந்ததும் இதுதான் அந்த நோரா என்று ஊர் கை நீட்டியது. லாரா அதன் நிழலிலேயே பிற்பாடு எழுதி வாழ்ந்தார். இப்சனின் தாக்கம் என்று கணக்கெழுதும் யாரும் இதைச் செலவுப் பக்கத்தில் எழுதாமல் விடக்கூடாது. அவர் அந்தக் கடிதத்துக்கு வேறு பதில் எழுதியிருந்தால் ஒரு பெண் தப்பித்திருப்பார். எழுதவில்லை, அந்தப் பெண்ணின் கதை நாடகமாயிற்று. நாடகத்தில், எல்லாவற்றையும் கணவனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுப்பவள் லிண்டே. நிஜத்தில் அதைச் சொன்னவர் இப்சன்.

1884

நாடகத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாற்றங்கள் சரசரவென்று வருகின்றன. 1880இல் செசிலியா தோரேசன் என்ற பெண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத அனுமதி கேட்டார். ‘டாக்பிளாடெட்’ இதழின் முதல் ஆசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹாக்பார்ட் பெர்னர் அதற்காக மசோதா கொண்டுவந்தார். 1882இல் சட்டமானது, செசிலியா நார்வேயின் முதல் மாணவியானார். 1884இல் எல்லாப் பட்டங்களும் பெண்களுக்குத் திறந்தன. அதே ஆண்டு ஜூனில் பெர்னரும் கீனா குரோகும் சேர்ந்து நார்வே பெண்ணுரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இதையெல்லாம் நோரா செய்தாள் என்று எழுதினால் சுவையாக இருக்கும், உண்மையாக இருக்காது. செசிலியாவின் மனுவை எழுதியது செசிலியா. மசோதா பெர்னருடையது. இரவும் பகலும் கூட்டம் போட்டுச் சங்கம் வளர்த்தவர் குரோக்.

ஆனால் ஓரிடத்தில் இப்சனின் கை நேரடியாகத் தெரிகிறது. 1884இல், மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கேட்டு ஸ்டோர்ட்டிங் எனப்படும் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு போனது. கையெழுத்திட்டவர்கள் நான்கு எழுத்தாளர்கள்: பியோர்ன்சன், இப்சன், யூனாஸ் லீ, அலெக்சாந்தர் கீலண்ட். மனுவில் கையெழுத்துக் கேட்ட பியோர்ன்சனுக்கு இப்சன் எழுதிய கடிதத்தில், இந்த விஷயத்தில் ஆண்களிடம் கருத்துக் கேட்பது, ஆடுகளுக்கு இன்னும் நல்ல பாதுகாப்பு வேண்டுமா என்று ஓநாய்களைக் கேட்பதுபோல என்றார். உரிமையற்றவர்களை எல்லாம் ஒன்றுசேர்த்து வாக்குரிமை, பெண்களின் சட்டநிலை, கல்வி ஆகியவற்றுக்காகப் போராடும் கட்சி ஒன்று வேண்டும் என்றும் அதே மாதம் எழுதினார். கட்சி எதிலும் சேராத மனிதரின் வாயிலிருந்து வந்தது இது.

நாலு எழுத்தாளர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நார்வேயில் இருந்தது. 1821இலேயே பிரபுப் பட்டங்களை ஒழித்த நாடு அது. அரசர் ஸ்டாக்ஹோமில் இருந்தார். 1814 முதல் ஸ்வீடனோடு ஒரே முடியின் கீழ் இருந்த நாடு. நாட்டின் பெயரால் பேசப் பெரிய மனிதர்கள் குறைவு. காலியாக இருந்த அந்த நாற்காலியில் எழுத்தாளர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்டோர்ட்டிங்கே அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. ‘பிராண்ட்’ வந்த 1866 முதல் இப்சனும் வாங்கியவர்தான். தாங்கள் காசு கொடுத்து வளர்த்தவர்களின் மனுவை உறுப்பினர்கள் குப்பையில் போட முடியாது. அதே 1884இல் ஸ்டோர்ட்டிங்குக்குப் பதில் சொல்லும் அமைச்சரவையாக ஜோஹான் ஸ்வெர்ட்ரூப்பின் அரசு வந்ததையும் மறக்கக்கூடாது. அந்த வெற்றி இல்லாமல் எந்த நாடகமும் சட்டமாகியிருக்காது.

1888இல் வந்த சட்டம் மனு கேட்டதைவிடச் சிறியது. மணமான பெண் வயது வந்தவள் என்றது. தன் உழைப்பில் சம்பாதித்த பணத்தைத் தானே ஆளலாம் என்றது. தனிச் சொத்து வேண்டுமானால் திருமண ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றது. ஆனால் பொதுச் சொத்தின் நிர்வாகம் கணவன் கையிலேயே நின்றது.

ஒதுக்கப்பட்ட நாடகம்

1881இல் வந்த ‘ஆவிகள்’ வேறு கதை. 10,000 படி அச்சிட்டார்கள். அப்பனின் ஒழுக்கக்கேடு மகன் உடலில் நோயாக வருவதையும், அதே அப்பனுக்கு வேலைக்காரியிடம் பிறந்த பெண் அந்த வீட்டிலேயே வேலைக்காரியாக நிற்பதையும் காட்டிய புத்தகத்தை யாரும் வரவேற்பறையில் வைக்கத் துணியவில்லை. கடைகள் திருப்பி அனுப்பின. ஸ்காண்டினேவிய அரங்குகள் மறுத்தன. முதன்முதலில் மேடையேறியது 1882 மே மாதம், அமெரிக்காவின் சிகாகோவில், குடியேறிகளின் கூட்டத்துக்கு முன்.

இப்சனுக்கே மணத்துக்கு வெளியே பிறந்த ஒரு மகன் இருந்தான். கிரிம்ஸ்டாடில் மருந்துக்கடைப் பையனாக இருந்தபோது, அவருடைய 18ஆவது வயதில், வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் பிறந்தவன். 14 ஆண்டு பராமரிப்புப் பணம் கட்டினார், அதற்கு மேல் உறவு இல்லை. மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் அப்பாவின் பெயரும் வாரிசுரிமையும் உண்டு என்று ஜோஹான் காஸ்ட்பெர்க் கொண்டுவந்த சட்டம் 1915இல் நிறைவேறியது. அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் பேசி உழைத்தவர் கட்டி அன்கெர் மெல்லர். இப்சனின் பங்கை இங்கே தேடினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும்: பேசக்கூடாததைப் பேசியதால், அடுத்தவர்கள் பேசுவது கொஞ்சம் எளிதாயிற்று.

தானே மறுத்த பெருமை

1885 ஜூனில் தாய்நாட்டுக்கு வந்தபோது ட்ரொண்ட்ஹைம் தொழிலாளர்களிடம், ஐரோப்பாவில் இப்போது நடக்கும் சமூக மாற்றம் தொழிலாளியின், பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றியது, அதற்காகவே தான் உழைப்பதாகச் சொன்னார். 13 ஆண்டு கழித்து, 1898 மே 26 அன்று பெண்ணுரிமைச் சங்கம் அவருக்கு விருந்து வைத்தது. அங்கே எழுந்து, பெண்ணுரிமைக்காகத் தெரிந்தே உழைத்தவன் என்ற பெருமை தனக்கு வேண்டாம், அந்த இயக்கம் என்னவென்றே தனக்குத் தெளிவாகத் தெரியாது, தான் எழுதியது மனிதரைப் பற்றி என்றார். கடைசியில், மக்களை வளர்த்தெடுக்கும் கடமை தாய்மார்களுடையது என்றும் சேர்த்துக்கொண்டார். விருந்து கொடுத்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

கவிஞர் அடக்கம் என்று சிலர் இதைச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1884இல் மனுவில் கையெழுத்துப் போட்டவர், ரோமில் வாக்குரிமைக்காகச் சண்டை போட்டவர், எதையும் தெரியாமல் செய்யவில்லை. முத்திரை குத்தப்படுவதை வெறுத்தார், அவ்வளவுதான். அந்த வெறுப்பு நாடகத்துக்கு நல்லது செய்தது. இயக்கத்தின் பிரசுரமாக எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் படித்தே இருக்காது. படித்ததால்தான் ஹெல்மர்கள் வீட்டுக்குள் வாதம் நடந்தது.

சரி, நோராவின் வழக்கை அடுத்தடுத்த சட்டங்களின் கீழ் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 1888க்குப் பிறகு அவள் சட்டப்படி வயது வந்தவள். கடன் பத்திரத்தில் தன் பெயரில் கையெழுத்துப் போடலாம். அப்பாவின் கையெழுத்தைத் திருட வேண்டியதில்லை. ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு நகலெடுத்துக் கொடுத்துச் சம்பாதித்த காசு, ஹெல்மருக்குத் தெரிந்தாலும் அவளுடையது. ஆனால் குரோக்ஸ்டாட் போன்ற ஆள் அப்போதும் ஜாமீன் கேட்டிருப்பான். வீட்டுச் சொத்து முழுவதும் ஹெல்மர் கையில் இருக்கும்போது இவளை நம்பி யார் 4,800 குரோனர் கொடுப்பார்கள்? 1909இல் மணவிலக்கு தளர்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் பிரிந்து வாழ்ந்து, பிறகு விலகலாம். கதவு இனி சட்டத்துக்கு வெளியே இல்லை. 1913இல் அவளுக்கு ஸ்டோர்ட்டிங் தேர்தலில் வாக்கு கிடைக்கிறது, மற்றெல்லாப் பெண்களோடும் சேர்த்து. வீட்டுச் சொத்தில் கணவனுக்கு நிகரான நிர்வாக உரிமை 1927 சட்டத்தில்தான் வருகிறது. ‘பொம்மை வீடு’ வெளிவந்து 48 ஆண்டுகள். லாரா கீலர் அப்போது உயிரோடு இருந்தார்.